குருவின் கோடும் சிஷ்யனின் கையும்

பார்த்து எழுதும் பையனைத் தண்டிப்பது உபாத்தியாயர்களாகிய நமது வழக்கம். ஜப்பானிய மைச் சித்திரக்காரர்களோ, பார்த்து எழுதுவதையே பயிற்சியின் முதற்படியாக வைத்தார்கள். 'சுயபுத்தி அற்றவர்கள் போலும்' என்று சிலர் முகம் சுளிக்கலாம். சற்றுப் பொறுக்க வேண்டுகிறோம்.

இக்கலையில் வர்ணம் அநேகமாகக் கிடையாது. மைக்கட்டியைக் கல்லில் நீர்விட்டு இழைத்துத் தூரிகையால் தீட்டுவார்கள். தாளில் மை பட்டது பட்டதுதான், அழிக்க வழியில்லை. பாறையின் முரட்டுத்தனத்தை ஒரே இழுப்பில் கொண்டுவரும் கை வேண்டும். அந்தக் கையைப் புஸ்தகம் கொடுக்காது.

ஆகவே குருவின் படத்தின்மேல் மெல்லிய தாளைப் பரப்பி, அதைச் சுருட்டித் தூக்கிப் பார்ப்பார்கள். கண்ணில் கோடு நிற்கும்போதே தாளை விரித்து இழுப்பார்கள். மறுபடியும் சுருட்டல், மறுபடியும் விரித்தல். ஒவ்வொரு கோட்டையும் ஒரு கணமாவது மனத்தில் சுமந்து வந்து இறக்கவேண்டும். தூரிகை எங்கே அழுந்திற்று, எங்கே விரைந்தது, எங்கே மை வற்றிற்று என்பதெல்லாம் அப்போதுதான் கைக்குப் புரிகிறது.

இக்கலையின் தலைமகனாகக் கொண்டாடப்படும் ஸெஷ்ஷு (1420-1506) என்ற ஜென் துறவியே இப்படிக் கற்றவர்தாம். சீனப் பேராசிரியர்களின் பாணியில் அவர் தீட்டிய சிறு படங்களில், விசிறி வடிவக் கட்டத்துக்குள் ஸியா குய் முதலிய மூலவரின் பெயர். கட்டத்துக்கு வெளியே தம் பெயர். கடன் இவ்வளவு என்று கணக்கெழுதி வைத்த நாணயம்! 1486-ல் அவர் தீட்டிய, சுமார் 16 மீட்டர் நீளமுள்ள சுருளில், வசந்தம் தொடங்கிக் குளிர்காலம் வரை மலையும் நீரும் தொடர்ந்து செல்கின்றன. பாறைகளின் கோணம் ஸியா குய்யை நினைவூட்டுகிறது. இழுப்பின் வலிமை ஸெஷ்ஷுவுக்கே உரியது.

அச்சுருளை 1593-ல் உன்கோகு தோகன் படியெடுத்தார். சிற்றரசர் மோரி தெருமோட்டோ, ஸெஷ்ஷு வாழ்ந்த குடிலையே அவருக்கு அளித்தார். பிறவித் திறமையைவிடக் கற்ற திறமையே மேல், அதுவே அடுத்த தலைமுறைக்குக் கைமாறும் என்று 1680-ல் கானோ யசுநோபு வாதித்தார். எல்லோரும் கரையேறிவிடவில்லை. மாதிரியின் மாதிரியைப் பார்த்துத் தீட்டிய உயிரற்ற மலைகளும் அக் கானோ மரபில் ஏராளம்.

1495-ல் காமகுராவுக்குத் திரும்பவிருந்த ஸோஎன் என்ற சிஷ்யர், குருவின் கையால் ஒரு படம் வேண்டினார். ஸெஷ்ஷு மையைத் தெளித்தாற்போலச் சில வீச்சுகளில் மலையும் மரமும் படகும் தீட்டிக் கொடுத்தார். சீனா சென்று வந்த பின்னரே தம் நாட்டு ஆசிரியர்களான ஜோஸெட்ஸு, ஷூபுன் ஆகியோரின் அருமை விளங்கிற்று என்றும் அதில் எழுதி வைத்தார். இவ்வளவு சுதந்திரமாகத் தோன்றும் அப்படத்தின் பாணியோ, யூஜியான் என்ற சீனத் துறவியினுடையது.