கூலரை மாற்றும் முன் பில்லைத் தேடுங்கள்

கத்திரி வெயில் தொடங்கியதும் டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களின் புலம்பலும் தொடங்கிவிடும். வீடியோ எக்ஸ்போர்ட் கொடுத்தால் ஃபேன் அலறுகிறது, ப்ராசஸர் 95 டிகிரி காட்டுகிறது. கடைக்காரரிடம் கேட்டால், "வாட்டர் கூலர் போட்டுடுங்க சார், எல்லாம் சரியாயிடும்" என்பார். பல ஆயிரம் ரூபாய் போகும். பல வீடுகளில் அது தேவையே இல்லாத செலவு. சில வீடுகளில், வேறு யாரோ ஏற்க வேண்டிய செலவு.

முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம். ஏஎம்டி ரைசன் 7000 வரிசை 2022-ல் வந்தபோது, 7950எக்ஸ் போன்ற சிப்கள் முழு வேலையில் 95 டிகிரியைத் தொட்டு அங்கேயே நிற்கும்படிதான் வடிவமைக்கப்பட்டவை என்று அந்த நிறுவனமே சொன்னது. அதே நிறுவனத்தின் 7800எக்ஸ்3டி-க்கு வரம்பு 89. இன்டெலின் ஐ9-14900கே-வுக்கு 100. ஆகவே மாடல் பெயரைச் சொல்லாமல் ‘90 டிகிரி ஆபத்தா?’ என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. வரம்பைத் தொட்டதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காமல் சூடு ஏறினால் கணினி அணைந்துவிடும். இந்தப் பாதுகாப்பு எல்லாக் காலத்திலும் இருந்ததல்ல. 2001-ல் டாம்ஸ் ஹார்ட்வேர் தளத்தினர், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹீட்சிங்கைக் கழற்றிப் பார்த்தார்கள். பென்டியம் 4 வேகம் குறைந்து தாக்குப்பிடித்தது. ஏஎம்டி அத்லான் புகைந்து கருகியது. இன்றைய சிப்பில் அந்தப் பயம் தேவையில்லை.

பயப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. ஒன்றும் செய்யாமல் டெஸ்க்டாப் திரை மட்டும் திறந்திருக்கும்போதே 70 டிகிரிக்கு மேல் காட்டுவது, பெட்டியில் போட்டிருக்கும் அடிப்படை வேகத்துக்கும் கீழே இறங்கிவிடுவது, விளையாட்டின் நடுவே திடீரென்று அணைவது. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்துவைத்துக்கொண்டு, சினிபெஞ்ச் சோதனையைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். ‘தெர்மல் த்ராட்டிலிங்’ என்ற வரிக்கு நேரே ‘யெஸ்’ என்று வந்தால், சூட்டினால் வேகம் குறைகிறது என்று அர்த்தம். அந்தத் திரையைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

சோதிக்கும்போது அறையின் வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், காற்றுக் கூலரோ தண்ணீர்க் கூலரோ அறையின் வெப்பத்துக்குக் கீழே சிப்பைக் கொண்டுபோகாது. யூடியூபில் 21 டிகிரி அறையில் 75 காட்டும் கூலர், ஏசி இல்லாத நம் வீட்டு 36 டிகிரியில் ஏறக்குறைய 90 காட்டும். கூலரில் குற்றமில்லை, கழித்தல் கணக்குதான். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுக் கடைக்காரரோடு சண்டைக்குப் போவது வீண்.

அறை வெப்பத்தைக் கழித்த பிறகும் எண் உதைக்கிறதென்றால், சந்தேகம் முதலில் போக வேண்டிய இடம் பொருத்திய கை. இன்டெல் பெட்டியோடு வரும் கூலரில் நான்கு மூலையிலும் அழுத்தும் பின்கள் இருக்கும். எதிரெதிர் மூலைகளாக, ‘டிக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். அவசரத்தில் மூன்று பின்கள் இறங்கி நான்காவது தொங்கிக்கொண்டு நிற்பது அடிக்கடி நடக்கிறது. மேலிருந்து பார்த்தால் தெரியாது. கேபினட்டின் பின்பக்கத் தகட்டைக் கழற்றி, மதர்போர்டின் முதுகில் நான்கு ஓட்டைகளிலும் பின்னின் நுனி முழுதாக வெளியே வந்து விரிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மூலை தூக்கியிருந்தாலே சிப்பின் மேல் கூலர் சரியாக உட்காராது, பத்து இருபது டிகிரி கூடிவிடும். புதுக் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டிவிடும் கூத்தும் உண்டு. பழைய கணினி என்றால் தூசியும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டும். இவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு சில நூறு ரூபாய்.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பேஸ்ட் காய்ந்து இறுகியிருந்தால், கூலரை மேலே இழுக்கும்போது ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், அடியிலுள்ள ஊசிகள் வளைந்துபோகும். கணினியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்து, கூலரை இடவலமாக மெல்லத் திருகிய பிறகே தூக்குங்கள்.

அடுத்த சந்தேகம் மதர்போர்டு. 14900கே-வுக்கு இன்டெல் குறிப்பிட்ட உச்ச மின்னளவு 253 வாட். ஆனால் பல போர்டுகள் அந்த வரம்பை 4096 வாட் என்று, அதாவது வரம்பே இல்லை என்று, முன்கூட்டியே திறந்துவைத்து வந்தன. பயாஸில் ‘இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தாலே சூடு கணிசமாக இறங்கும். ரைசனில் ‘ஈகோ மோட்’ இருக்கிறது; இழக்கும் வேகம் சிறிது, குறையும் வெப்பம் பெரிது. காசு செலவில்லாத கூலர் இதுதான். நானாக இருந்தால் இங்கிருந்துதான் தொடங்குவேன்.

இவ்வளவுக்கும் அடங்கவில்லையென்றால் புதுக் கூலர் வாங்குங்கள். ப்ராசஸரின் உச்ச வாட் எவ்வளவு என்பதே அளவுகோல், விளக்கின் நிறம் அல்ல. ஐ5-12400 போல உச்சத்தில் 117 வாட் இழுக்கும் சிப்புக்கு, நான்கு ஹீட்பைப்பும் ஒரு 120 மி.மீ. ஃபேனும் கொண்ட சாதாரண டவர் கூலர் தாராளம். 200 வாட்டை நெருங்கினால் ஆறு ஹீட்பைப், இரண்டு ஃபேன். 250 வாட்டை மணிக்கணக்கில் இழுக்கும் ரெண்டரிங் வேலைக்குத்தான் 360 மி.மீ. ரேடியேட்டர் கொண்ட தண்ணீர்க் கூலரைப் பற்றி யோசிக்க வேண்டும். காற்றுக் கூலரில் பழுதாவது ஃபேன் ஒன்றுதான், மாற்றிவிடலாம். தண்ணீர்க் கூலரில் பம்ப் நின்றால் மொத்தத்தையும் மாற்ற வேண்டும். கசிந்தால் கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்து போகலாம். வாங்கும்முன் கேபினட் எத்தனை மி.மீ. உயரக் கூலரை ஏற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாக்டுவாவின் என்ஹெச்-டி15 165 மி.மீ. உயரம், பல கேபினட்டுகளின் பக்கத் தகடு மூடாது.

இனி உரிமைகள். எல்லாச் சூடும் கூலரால் தீராது என்பதற்கு இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்களே சாட்சி. விளையாட்டுகள் காரணமில்லாமல் செயலிழந்தன, நீலத்திரை வந்தது. பலர் கூலரையும் ரேமையும் மாற்றிப் பார்த்து ஓய்ந்தார்கள். அதிக மின்னழுத்தமும் வெப்பமும் சேர்ந்து சிப்புக்குள்ளே ஒரு சுற்றை முதுமையடையச் செய்கின்றன என்று 2024-ல் இன்டெல் விளக்கியது. ஆகஸ்டில் 0x129 என்ற மைக்ரோகோட் திருத்தத்தை வெளியிட்டது. பாதிப்புக்குள்ளாகும் மாடல்களில் பெட்டியோடு விற்றவற்றுக்கு வாரன்ட்டியை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டியது. 2023-ல் வாங்கியவருக்கு 2028 வரை அந்த உரிமை இருக்கிறது. பயாஸை உடனே புதுப்பியுங்கள். ஆனால் ஏற்கெனவே கெட்டுவிட்ட சிப்பைத் திருத்தம் குணமாக்காது, மாற்றித் தரச்சொல்லித்தான் கேட்க வேண்டும்.

கேட்பதற்குக் கையில் என்ன இருக்கிறது? வரிசை எண்ணுடன் கூடிய ஜிஎஸ்டி பில், பெட்டியின் லேபிள். பில் இல்லாமல் சில நூறு ரூபாய் குறைத்து வாங்குபவர் வாரன்ட்டியை விற்றுவிட்டு வருகிறார். பெட்டியில்லாமல் ‘ட்ரே’ சிப்பாக விற்பதற்குப் பொதுவாக உற்பத்தியாளர் நேரடி வாரன்ட்டி கிடையாது, கடைக்காரர் தருவதுதான். அது எத்தனை மாதம் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பேஸ்ட் வைக்கும் முன் சிப்பின் மேல்முகத்தைப் படம் எடுத்துவைப்பது நல்லது. ஓவர்க்ளாக் செய்து கெட்டுப்போனால் வாரன்ட்டி எதிர்பார்க்க வேண்டாம்.

பில்லின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சடித்திருந்தால் மிரள வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, பழுதான பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி ஒன்றும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. பில் தர மறுப்பதும் அதே வகைதான். அசெம்பிள் செய்யக் கூலி வாங்கிய கடை பின்னைச் சரியாக அழுத்தாமல் விட்டிருந்தால் அது சேவைக் குறைபாடு. இலவசமாகச் சரிசெய்து தரக் கேளுங்கள், வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் கேளுங்கள். மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஆன்லைனில் வாங்கியிருந்தாலும், விற்றவர் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். ‘அடுத்த வாரம் ஆள் வருவார்’ என்று கடைக்காரர் தள்ளிப்போடும் வாரங்களும் பொதுவாக அந்தக் கணக்கில்தான் சேரும்.