நோட்டில் ஏறாத செலவு

நல்லூர் ஒன்றியத்தில் ஓர் ஊர். ஆதிதிராவிடர் தெருவில், கூரை போட்ட திண்ணையில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவர் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. விருத்தாசலத்தில் ஒரு சின்னப் பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் வேலை பார்த்தவர். ஆறாம் மாதத்தோடு நின்றுவிட்டார். கணவரும் அங்கேதான் சூளை வேலை.

“ஒரு பிள்ளை வருதுன்னா எவ்வளவு செலவாகுது?” என்று கேட்டோம். அவருடைய அம்மா உள்ளே போய் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துவந்தார். கல்லூரியில் படிக்கும் மகன் எழுதிவைத்த கணக்கு அது.

வெளியில் ஸ்கேன் எடுத்தது இரண்டு முறை, 1,700 ரூபாய். ஆட்டோ, பஸ் 1,350. வளைகாப்பு, வீட்டளவில் செய்தது, 6,500. குழந்தைக்குத் துணி, எண்ணெய், சோப்பு 1,250. பிரசவ லேகியத்துக்குச் சாமான் 700. கூட்டினால் 11,500. இதில் வளைகாப்புச் செலவு முழுக்க வட்டிக்கு வாங்கியது.

துணிமணிக்கு இவ்வளவுதானா என்றோம். அம்மா சிரித்தார். “பொறக்கறதுக்கு முன்னாடி புதுசா வாங்கிக் குவிக்கக் கூடாது தம்பி. எம் பழைய பொடவையைத் தொவைச்சு மடிச்சு வச்சிருக்கன். ஏணை கட்டவும் அதுதான், புள்ளையைச் சுத்தவும் அதுதான்.”

நகரத்தில் தொட்டில், தள்ளுவண்டி, டயப்பர் என்று பட்டியல் நீளும். நம் தெருக்களில் அந்தப் பட்டியல் இல்லை. அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைக்கு 16 பொருள்கள் கொண்ட பெட்டகம் தரும் திட்டம் 2015இல் வந்தது. பிரசவம், அறுவை சிகிச்சை, மருந்து, ரத்தம், சாப்பாடு, வீட்டுக்குத் திரும்பும் வண்டி எல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசம் என்ற ஏற்பாடு 2011 முதல் நாடு முழுவதும் இருக்கிறது. இவை சிறிய காரியங்கள் அல்ல. நம் பாட்டிமார் காலத்தில் பிரசவ வலி கண்டால் வண்டி தேடி, பணம் தேடி அலைந்த கதை எல்லா வீட்டிலும் உண்டு.

ஆனால் அந்த நோட்டில் ஒரு செலவு ஏறவே இல்லை. அந்தப் பெண்ணின் கூலி.

அவருக்கு நாள் ஒன்றுக்கு 300 ரூபாய். வாரத்துக்கு நான்கு நாள் வேலை. பிரசவத்துக்கு முன் மூன்று மாதம், பின் மூன்று மாதம் என்று 26 வாரம் மட்டும் வீட்டில் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டால், 104 நாள் கூலி போகிறது. 31,200 ரூபாய். நோட்டில் உள்ள 11,500ஐப் போல இரண்டரை மடங்குக்கு மேல். பேறுகாலத்தில் துணைக்கு இருக்க அம்மா விடப்போகும் நடவுக் கூலி, களையெடுப்புக் கூலி தனி. கையை விட்டுப் போன காசைத்தான் நாம் செலவு என்கிறோம். கைக்கு வராமலே போன காசை யாரும் எழுதுவதில்லை.

26 வாரம் என்று நாம் கணக்கிட்டதற்குக் காரணம் உண்டு. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டபோது, சம்பளத்துடன் கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம். அவர்களுக்குக் கிடைப்பது நியாயம்தான். ஆனால் ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கும், கரும்பு வெட்டுக்கும், நடவு வயலுக்கும் இது வந்து சேரவில்லை. அங்கே விடுப்பு என்றால் வேலை இல்லை, கூலியும் இல்லை என்று பொருள். 2011 கணக்கெடுப்பின்படி நம் கடலூர் மாவட்டத்தில் 100க்கு 29 பேர் பட்டியல் சாதியினர். நிலம் இல்லாமல் அன்றாடக் கூலியில் நிற்கும் குடும்பங்கள் நம் தெருக்களில் எத்தனை என்பதை யாரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கேள்வியை முதலில் எழுப்பியவர்களில் ஒருவர் அண்ணல் அம்பேத்கர். 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் ஆலைப் பெண்களுக்கான மகப்பேறு நல மசோதா வந்தபோது அதை ஆதரித்துப் பேசினார். பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன். அந்தச் சுமையில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும். பெண்ணின் உழைப்பால் லாபம் பெறுகிற முதலாளியும் விலகிக்கொள்ள முடியாது என்பது அவர் வாதம். தம் ஐந்து குழந்தைகளில் நால்வரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தவர் அவர். கடைசி மகன் ராஜரத்னா இறந்தது 1926இல். அந்த மசோதா 1929இல் சட்டமானது. பின்னாளில் அரசியல் சட்டத்தின் 42ஆம் பிரிவு, மகப்பேற்று உதவிக்கு அரசு வழிசெய்ய வேண்டும் என்றது.

தமிழ்நாட்டில் அந்த வழியாக இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். 1987இல் தொடங்கியது. தொகை 2006இல் 6,000 ரூபாயாகவும், 2011இல் 12,000 ரூபாயாகவும், 2018இல் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. இந்த 18,000இல் 4,000 ரூபாய் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக வருகிறது. மீதி 14,000 வங்கிக் கணக்கில். ஊரக வேலைத் திட்டத்துக்கு 2025–26இல் தமிழ்நாட்டில் அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். அந்தக் கூலியில் பார்த்தால் 14,000 என்பது 42 நாள் சம்பளம்கூட இல்லை.

தொகையைவிடப் பெரிய சிக்கல், அது வரும் நேரம். முன்பு ஐந்து தவணை. அதில் ஒன்று பிரசவத்தை ஒட்டி வரும். இப்போது மூன்று தவணை. கர்ப்பத்தின் நான்காம் மாதத்தில் 6,000. குழந்தை பிறந்து நான்காம் மாதத்தில் 6,000. ஒன்பதாம் மாதத்தில் 2,000. தவணை குறைந்தால் அலைச்சல் குறையும், உண்மை. ஆனால் முதல் தவணைக்கும் இரண்டாம் தவணைக்கும் நடுவில் கிட்டத்தட்ட ஒன்பது மாதம் ஒரு காசும் வராது. வேலை நிற்பதும், பிரசவம் நடப்பதும், பச்சை உடம்போடு படுத்திருப்பதும் அந்த ஒன்பது மாதத்தில்தான். வட்டிக்கு வாங்குவதும் அப்போதுதான்.

கடன் வாங்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? அம்மா சொன்னார்: “இவளைப் பெத்து முப்பதாம் நாளு நடவுக்குப் போயிட்டன். வரப்போரம் வேப்ப மரத்துல ஏணை கட்டி, அழுவுறப்பல்லாம் சேத்துக் காலோட ஓடி வந்து பால் குடுப்பன்.” ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று சுவரில் எழுதியிருக்கிறது. முப்பதாம் நாள் வயலில் இறங்குகிறவர் அதை எப்படிச் செய்வார்?

ஆகவே நம் கோரிக்கை இரண்டு. ஒன்று, இரண்டாம் தவணையைப் பிரசவத்துக்கு முன்பே, ஏழாம் எட்டாம் மாதத்தில் தர வேண்டும். இரண்டு, உதவித்தொகையைக் கூலியோடு இணைத்து, கூலி உயரும்போது அதுவும் உயரும்படி செய்ய வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும்வரை, கிடைப்பதை விடாமல் வாங்குவோம். கர்ப்பம் உறுதியான உடனே, 12 வாரத்துக்குள், கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து எண் வாங்குங்கள். உதவித்தொகைக்கும் குழந்தையின் பிறப்புச் சான்றுக்கும் அந்த எண் வேண்டும். கர்ப்பிணியின் பெயரிலேயே வங்கிக் கணக்கு இருக்கட்டும். ஆதாரில் உள்ள பெயரும் அதில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். தாய்வீட்டுக்கு வரும்போது இரண்டு ஊர் செவிலியருக்கும் தகவல் சொல்லுங்கள். இந்தத் திட்டம் முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான். ஆனால் ஜனனி சுரக்ஷா திட்டத்தில், அரசு மருத்துவமனையில் பிள்ளை பெறும் கிராமத்துப் பட்டியல் சாதித் தாய்க்கு 700 ரூபாய் உண்டு. வயது, எத்தனையாவது பிரசவம் என்ற நிபந்தனைகளை 2013இல் ஒன்றிய அரசு நீக்கிவிட்டது. மூன்றாவது பிள்ளை என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இங்கே படித்த பிள்ளைகளுக்கு வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் எத்தனை கர்ப்பிணிகள், யாருக்குப் பதிவு எண் வந்தது, யாருக்கு எந்தத் தவணை வரவில்லை என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். அடுத்த கிராம சபையில் எழுந்து அதை வாசியுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை உட்காராதீர்கள்.

விடைபெறும்போது அந்தப் பெண்ணின் தம்பி கல்லூரியிலிருந்து வந்துவிட்டார். நாம் போட்ட கணக்கை அவரிடம் சொன்னோம். நோட்டை வாங்கி, 11,500க்குக் கீழே எழுதினார்: “அக்கா கூலி 31,200.” இரண்டையும் கூட்டிக் கோடு போட்டார். 42,700.

அக்கா அதை எட்டிப் பார்த்தார். “இவ்வளவா!” என்றார்.