ஒரு அடைப்புக்குறி கூடிப் போச்சு!

லிஸ்ப் என்றொரு கணினி மொழி இருக்கிறது, தெரியுமா? அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஜான் மெக்கார்த்தி 1958-ல் தொடங்கியது. நம்ம அப்பாவுக்கே அண்ணன் வயசு! அதில் 2 + 3 என்று எழுதக் கூடாது. (+ 2 3) என்று கூட்டல் குறியை முன்னால் போட்டு, அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும்.

அண்ணனைப் பார்த்து நானும் லிஸ்ப் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கீம் மொழியை ஆரம்பித்தேன். நாற்பது வரி எழுதினேன். ஓடவில்லை. ரெண்டு நாள் முழிச்சேன், விட்டுடலாம்னே நினைச்சேன். கடைசியில் லிஸ்ப் எழுதுகிறவர்களிடம், "வேலை செய்யலை, உதவுங்க" என்று கேட்டேன்.

முகம் தெரியாத ஒருத்தர், "நீங்க அடிச்சது என்ன? வந்த பிழைச் செய்தி என்ன? அப்படியே காட்டுங்க. பிழை வர்ற இடத்தை மட்டும் விட்டு மத்ததை வெட்டுங்க" என்றார். வெட்டி வெட்டி ஒரே வரி மிஞ்சியது: ((+ 2 3)). கணக்கு நோட்டில் கூட ஒரு அடைப்பு போட்டால் தப்பில்லையே? இங்கே தப்பு! அடைப்பு என்றால் 'முதலில் இருப்பதைச் செய்' என்று கட்டளையாம். உள்ளே இருப்பது 5 ஆகிவிடும். வெளி அடைப்பு '5-ஐச் செய்' என்கிறது. 5-ஐ எப்படிச் செய்வது?

இதற்கு அவருக்குச் சம்பளம் கிடையாது. லிஸ்ப்காரர்கள் எழுதிய நிரல்களைத் திரட்டி இலவசமாகத் தரும் குவிக்லிஸ்ப்பைக்கூட 2010-ல் ஸாக் பீன் என்ற ஒருவர்தான் தொடங்கினார்.

போன வாரம் ஒரு புதுப் பையன் அதே தப்போடு வந்தான். எனக்கு விடை தெரியும். இருந்தாலும் முதலில், "நீ அடிச்சது என்ன, காட்டு" என்றேன்.