குட்டி விமானத்துக்கு எதற்கு ஒரு சங்கம்?

அமெரிக்காவில் ஒஹாயோ, இண்டியானா மாநிலங்களின் கிராமப்புறங்களில், மக்காச்சோள வயல்களுக்கு நடுவே ஒட்ட வெட்டிய புல்தரைகளைப் பார்க்கலாம். ஓரத்தில் ஒரு கொட்டகை, காற்றின் திசையைக் காட்டும் துணிப்பை, நாலைந்து மேஜைகள். மாடல் விமான கிளப்பின் சொத்து பெரும்பாலும் அவ்வளவுதான். பேட்டரியில் ஓடும் ஒரு மாடல், ஒரு சார்ஜில் ஐந்து முதல் பத்து நிமிடம் பறக்கும். அந்தப் பத்து நிமிடத்துக்குத் தலைவர், செயலாளர், சந்தா, விதிப்புத்தகம் எல்லாம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். கிளப்பின் ஓராண்டு வேலையைக் கணக்கெடுத்தால் விடை கிடைக்கும். விமானம் ஓட்டுவது அதில் சிறுபகுதி. அடுத்தவர் வயலுக்கும் தலைக்கும் மேலே பறக்க அனுமதி கிடைக்கும்படி நடந்துகொள்வதுதான் மீதி வேலை.

ஆண்டு உறைபனியில் தொடங்குகிறது. புத்தாண்டு நாளன்றே பனியில் கூடிப் பறப்பதைப் பல கிளப்புகள் ஒரு சடங்காகவே வைத்திருக்கின்றன. சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பனிச்சறுக்குக் கட்டையைப் பொருத்துவார்கள். குளிரில் லித்தியம் பாலிமர் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும் என்பதால், பறக்கும் நேரம்வரை அதைக் கோட்டுப் பைக்குள் கதகதப்பாக வைத்திருப்பார்கள். மற்றபடி குளிர்காலம் வீட்டுப் பட்டறைக்குரியது. பால்சா மரத்தை அறுத்து, வரைபடத்தின் மேல் குண்டூசியால் நிறுத்தி ஒட்டி, பிளாஸ்டிக் தாளை இஸ்திரிப் பெட்டியால் இழுத்துப் போர்த்தும் காலம். ஆண்டுக் கூட்டம், தேர்தல், சந்தா வசூல் போன்றவையும் பல கிளப்புகளில் இப்போதுதான் நடக்கும். 1936-இல் தொடங்கி, இன்று இண்டியானாவின் மன்சி நகரைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கும் மாடல் விமானக் கழகமான ஏஎம்ஏ-வில் உறுப்பினராவதும் பெரும்பாலான கிளப்புகளில் கட்டாயம். அதோடு 25 லட்சம் டாலர் வரையிலான பொறுப்புக் காப்பீடும் வருகிறது. நிலத்தைக் குத்தகைக்கு விடும் விவசாயியும் நகராட்சியும் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.

வசந்தத்தில் மைதானம் திறந்ததும் பரிசோதனைகள் ஆரம்பம். ரிமோட்டின் சக்தியைக் குறைத்து வைத்துக்கொண்டு, தயாரிப்பாளர் சொன்ன தூரம், பெரும்பாலும் ஒரு 30 தப்படி, விலகிப் போய் நின்று விமானம் இன்னும் கட்டளை கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் பிரித்து மாட்டிய விமானங்களில் இறக்கைத் துடுப்பு தலைகீழாக இணைக்கப்பட்டிருப்பது சாதாரணம். வலப்பக்கம் திருப்பினால் இடப்பக்கம் சாயும். மேலே ஏறிய சில நொடிகளில் கதை முடிந்துவிடும். புதியவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. விமானம் தன்னைவிட்டு விலகிப் போகும்போது வலது, இடது சரியாக இருக்கும். அதே விமானம் திரும்பி எதிரே வரும்போது இரண்டும் மாறிப்போகும். எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு என்று பயிற்சியாளர் சொல்லித்தருவார். இருவர் கையிலும் ஆளுக்கொரு ரிமோட் இருக்கும். பயிற்சியாளர் தன் கையிலுள்ள சுவிட்சை விட்ட கணமே கட்டுப்பாடு அவரிடம் வந்துவிடும். இந்தப் பயிற்சிக்கு உறுப்பினர்கள் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை.

கோடைதான் உண்மையான சோதனை. ஆகஸ்டில் மக்காச்சோளம் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும். அதற்குள் விழுந்த விமானம் பத்தடி தள்ளி நின்றாலும் கண்ணில் படாது. அனுபவசாலிகள் உடனே ஓடமாட்டார்கள். விழுந்த திசையில் தொலைவிலுள்ள ஒரு மரத்தையோ கம்பத்தையோ குறித்துக்கொள்வார்கள். வேறோர் இடத்தில் நின்றவர் குறித்த திசையும் இதுவும் எங்கே வெட்டுகின்றன என்று கணித்து, வரிசையை எண்ணிக்கொண்டு, ஒருவர் மட்டும் பயிரை மிதிக்காமல் உள்ளே போவார். கிடைக்காவிட்டால் அறுவடைவரை காத்திருக்க வேண்டியதுதான். சில நூறு டாலர் விமானத்துக்காக ஐந்து பேர் வயலில் இறங்கி மிதித்தால், அடுத்த ஆண்டு குத்தகை புதுப்பிக்கப்படாது. கிளப் விதிகளில் பாதி, அலசிப் பார்த்தால், இப்படி அக்கம்பக்கத்தாரை நினைத்து எழுதப்பட்டவை. காலையில் இத்தனை மணிக்கு முன் பெட்ரோல் என்ஜின் கூடாது. அந்த வீட்டின் பக்கம் திரும்பக் கூடாது. ஆட்கள் நிற்கும் கோட்டுக்குப் பின்னால் விமானம் வரவே கூடாது.

இதெல்லாம் பழைய காலத்து ஏற்பாடு என்பது முதல் ஆட்சேபம். இன்றைய ட்ரோன் ஜிபிஎஸ் உதவியோடு தானே நிற்கிறது, தானே வீடு திரும்புகிறது; பயிற்சியாளர் எதற்கு? ஓரளவு நியாயம்தான். முன்பு 72 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விமானங்களுக்கு 50 சேனல்களே இருந்தன. ஒருவர் பறக்கவிடும்போது அதே சேனலில் இன்னொருவர் ரிமோட்டை இயக்கினால் விமானம் தரையில். அதற்காக மைதானத்தில் ஒரு பலகை. சேனல் எண் எழுதிய துணி கிளிப் யார் கையில் இருக்கிறதோ அவரே ரிமோட்டை இயக்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் வந்ததும் அந்தப் பலகைக்கு வேலை இல்லாமல் போனது. ஆனால் தொழில்நுட்பம் தீர்த்துவைத்தது ரேடியோ மோதலை மட்டும்தான். தாழப் பறந்து வரும் ஹெலிகாப்டரைக் கண்டதும் "இறக்கு" என்று குரல் கொடுக்க, பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கண்கள் இன்றும் வேண்டும்.

அமெரிக்கச் சட்டமும் இந்த முடிவுக்கே வந்திருக்கிறது. 2015 டிசம்பரில், 250 கிராமுக்கு மேற்பட்ட மாடல்களை வைத்திருப்போர் பதிவுசெய்ய வேண்டும் என்று விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ அறிவித்தது. 2018-ஆம் ஆண்டுச் சட்டம், பொழுதுபோக்குக்காகப் பறப்பவர் ஏஎம்ஏ போன்ற ஒரு சமூக அமைப்பின் பாதுகாப்பு விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்றது. தன் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் விமானமே ஒலிபரப்ப வேண்டும் என்ற ரிமோட் ஐடி விதி 2024 மார்ச் 16 முதல் கண்டிப்பாக்கப்பட்டது. அந்தக் கருவி இல்லாத பழைய பால்சா விமானங்களுக்கு ஒரு விலக்கு உண்டு: அங்கீகரிக்கப்பட்ட மைதானத்துக்குள், கண்பார்வைத் தூரத்தில் பறக்கலாம். அப்படியொரு மைதானத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதி சமூக அமைப்புகளுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் மட்டுமே. தனி ஆள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கேட்க முடியாது.

தனியார் சங்கத்துக்கு ஏன் இந்தச் சலுகை என்பது இரண்டாவது ஆட்சேபம். இதை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது. மைதானத்துக்குப் போகக் கார் வேண்டும், இரண்டு சந்தா கட்ட வேண்டும். ட்ரோனோடு வந்த இளைஞர்களைச் சில மூத்த உறுப்பினர்கள் வேண்டாவெறுப்பாகத்தான் பார்த்தார்கள். இந்தக் குறைகளைக் களைவது கிளப்புகளின் கடமை. ஆனால் விதியை மீறும் உறுப்பினரைக் கூப்பிட்டுக் கண்டிக்கவும், கேட்காவிட்டால் வெளியேற்றவும் ஒவ்வொரு வயலோரத்திலும் அரசால் ஓர் அதிகாரியை நிறுத்த முடியுமா? அந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்பவர்களுக்குச் சலுகை தருவதில் தவறில்லை. சலுகையும் நிரந்தரமல்ல. மைதான அங்கீகாரம் 48 மாதங்களுக்குத்தான் செல்லும். அது முடிவதற்குள் புதுப்பிக்கக் கேட்டு மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும்.