கொள்கை வேறு, ஊர் ஒன்று

 

மதங்களுக்கிடையே உரையாடல் என்றதும் சிலருக்குத் தயக்கம் வருகிறது. எல்லா மதமும் ஒன்றுதான் என்று சொல்லி ஈமானில் விட்டுக்கொடுக்கச் சொல்வார்களோ என்ற தயக்கம் அது. இன்னும் சிலருக்கு, மூன்று மதப் பெரியவர்கள் மேடையில் பொன்னாடை போர்த்திக்கொள்ளும் விழாதான் நினைவுக்கு வரும். நபிகளார் (ஸல்) அவர்களின் வாழ்வில் நாம் காணும் உரையாடல் இந்த இரண்டிலும் சேராது.

நஜ்ரான் தூதுக்குழு

நஜ்ரானிலிருந்து கிறிஸ்தவர்களின் குழு ஒன்று மதீனா வந்தது. மஸ்ஜிதுந் நபவியிலேயே அவர்கள் தம் முறைப்படி வழிபட நபி (ஸல்) அவர்கள் அனுமதித்ததாக சீறா நூல்கள் கூறுகின்றன. ஈஸா (அலை) அவர்களைப் பற்றி இரு தரப்பும் வெளிப்படையாகப் பேசின. கொள்கையில் உடன்பாடு ஏற்படவில்லை. ஆனாலும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். எங்களோடு நம்பிக்கையான ஒருவரை அனுப்புங்கள் என்று அவர்களே கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் அபூஉபைதா (ரலி) அவர்களை அனுப்பி வைத்தார்கள். கருத்து வேறுபாடு நீடித்தது, நம்பிக்கையும் நீடித்தது.

நமக்கும் அவர்களுக்கும் பொதுவான ஒரு விஷயத்தின் பக்கம் வேதக்காரர்களை அழைக்குமாறு குர்ஆன் (3:64) சொல்கிறது. பிறர் வணங்குபவற்றை ஏசக் கூடாது என்றும் (6:108), நம்மோடு பகை பாராட்டாதவர்களுக்கு நன்மையும் நீதியும் செய்வதை அல்லாஹ் தடுக்கவில்லை என்றும் (60:8) அறிவிக்கிறது.

நம் மாவட்டத்தில் எது பொது?

தருமபுரியில் எல்லா வீட்டுக்கும் பொதுவான கவலை ஒன்று உண்டு. அது பெண் குழந்தை. பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-ல் தருமபுரிக்கும் வந்தது. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில், ஆறு வயதுவரை உள்ள 1,000 ஆண் குழந்தைகளுக்கு இம்மாவட்டத்தில் 900 பெண் குழந்தைகள்கூட இல்லை. 2011-ல் அந்த எண்ணிக்கை 900-ஐத் தாண்டியது. அரசு ஊழியர்களும் தொண்டர்களும் வீடு வீடாகப் போய்ப் பேசியதற்கு இதில் பங்கு உண்டு. ஆனால் வேலை முடிந்துவிடவில்லை. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருந்தும், அந்தக் குற்றம் இன்னும் ஒழிந்தபாடில்லை.

இந்தப் பேச்சில் நாம் கொண்டுபோக வேண்டியது நிறைய இருக்கிறது. உயிரோடு புதைக்கப்பட்ட பெண் குழந்தையிடம், எந்தக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டாய் என்று மறுமையில் கேட்கப்படும் என்கிறது குர்ஆன் (81:8, 9). பெண் பிறந்த செய்தி கேட்டு முகம் கறுப்பவரையும் அது கண்டிக்கிறது (16:58, 59).

ஆனால் ஒன்று: மஹர் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு நகையும் வண்டியும் கேட்டு நிக்காஹ் பேசினால், அடுத்த வீட்டாரிடம் இதைச் சொல்ல நமக்கு வாய் வராது. பெண் பிறந்தால் செலவு என்ற பயத்தை வளர்ப்பதில் நம் வீட்டுக் கைக்கூலிக்கும் பங்கு உண்டு. உரையாடலின் முதல் பலனே, பிறரிடம் பேசப் போகுமுன் நம்மை நாம் பார்த்துக்கொள்வதுதான்.

தொடங்கும் வழி

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. எல்லா மதத்தவரும் ஒரே பாயில் உட்காரும் இடம் அது. நம் ஆண்களும் பெண்களும் தவறாமல் போக வேண்டும். பெண் பிள்ளைகளின் படிப்பு, சிறுவயதுத் திருமணம், வரதட்சணை ஆகியவற்றை அங்கே பேசலாம். கோயில் நிர்வாகிகளையும் சர்ச் பாதிரியாரையும் ஜமாஅத் நிர்வாகிகள் நேரில் கண்டு, வரதட்சணை வாங்கும் கல்யாணங்களை ஊக்குவிப்பதில்லை என்று சேர்ந்து முடிவு செய்யலாம். எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், சிறுவயதுத் திருமணம் நடக்கப்போவது தெரிந்தால் 1098-க்கு அழைக்கலாம்.

அவரவர் தொழுகையும் வழிபாடும் அவரவருக்கு. ஊரில் பிறக்கும் குழந்தை எல்லோருக்கும் அமானிதம். அதைக் காக்கும் பொறுப்பை நிறைவேற்ற அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.