ஒரு வார்ப்பில் பல தளங்கள்

ஒரே சர்வரில் பத்து இணையதளங்கள் இயங்குவது இக்காலத்தில் வெகு சாதாரணமான விஷயம். ஒவ்வொரு தளத்துக்கும் பெயர் என்ன, கோப்புகள் எங்கே இருக்கின்றன, எந்த போர்ட்டில் கோரிக்கைகளை ஏற்பது, பிழைகளை எங்கே குறித்துவைப்பது என்றெல்லாம் அப்பாச்சி மென்பொருளுக்கு விவரமாக எழுதித் தரவேண்டும். பத்துக்கும் விவரம் பெரும்பாலும் ஒன்றே என்பதால், முதலில் எழுதியதையே பிரதியெடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டே போகிறவர், பின்னொரு நாள் பாதுகாப்பை உத்தேசித்து ஒரு வரியைத் திருத்த நேரும்போது, ஒன்பது இடங்களில் திருத்திவிட்டுப் பத்தாவதை மறந்துவிடுவது சகஜம். ஆபத்து அந்தப் பத்தாவதன் வழியாகவே வரும்.

இச்சங்கடத்துக்குப் பரிகாரம், லூக் கேனீஸ் 2005-ஆம் ஆண்டில் தோற்றுவித்த, கணினிகளின் அமைப்பை எழுதிவைப்பதற்கான பப்பெட் என்ற மொழியில் உண்டு. அதில் 'டிஃபைன்' என்று தொடங்கி எழுதப்படும் வார்ப்புரு, அச்சடித்த விண்ணப்பப் படிவத்தைப் போன்றது: பொதுவான வாசகம் ஒரே முறை எழுதப்படுகிறது, தளத்துக்குத் தளம் மாறுவனவற்றுக்கு மட்டும் பாராமீட்டர் என்ற பெயரில் இடம் விடப்படுகிறது. எவரும் ஒன்றும் குறிப்பிடாவிட்டால் போர்ட் 80 என்று கொள்க என முன்கூட்டியே விதித்துவைக்கும் சௌகரியமும் உண்டு. அம்மொழியின் 'கிளாஸ்' என்பதும் பாராமீட்டர்களை ஏற்குமாயினும், ஒரு கணினியில் அது ஒரே முறைதான் செயற்படும். ஆதலால் அப்பாச்சியை நிறுவும் வேலையைக் கிளாஸிடமும், தளங்களை அமைக்கும் வேலையை டிஃபைனிடமும் ஒப்படைப்பதே முறை.

டிஃபைனைப் பிரயோகிக்கும் ஒவ்வொரு முறையும் அதற்கொரு தலைப்புத் தரவேண்டும். புதியவர்கள் தடுமாறும் இடம் இதுவே. உள்ளே உருவாகும் கோப்பின் பெயரில் அத்தலைப்பைச் சேர்க்காமல் விட்டவருக்கு, முதல் தளம் யாதொரு விக்கினமுமின்றி அமைந்துவிடும். இரண்டாவதைச் சேர்த்தவுடனேயே, ஒரே கோப்பு இருமுறை அறிவிக்கப்பட்டிருக்கிறது என்று கூறி, அக்கணினிக்குரிய திட்டம் முழுவதையும் பப்பெட் நிராகரித்துவிடும். இக்கண்டிப்பை நான் பெரிதும் போற்றுகிறேன். ஒரு கோப்பைக் குறித்து இரண்டு இடங்கள் இரண்டு விதமாகப் பேசுவதை மௌனமாக ஏற்று, கடைசியில் சொன்னதே செல்லும் என்று விட்டுவிடுகிற கருவிகளால் விளையும் குழப்பத்துக்கு, வேலை நின்றுபோவது எவ்வளவோ மேல்.

பப்பெட் பயனர்களுக்குப் பொதுவாகக் கிடைக்கும் அப்பாச்சி தொகுப்பில், தளம் அமைக்கும் வார்ப்புருவுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பாராமீட்டர்கள் உள்ளன. உலகத்தார் அனைவரின் தேவைக்கும் ஈடுகொடுக்க வேண்டியிருப்பதால் அதற்கு அது அவசியமே. தம் காரியாலயத்துக்கென்று எழுதுகிறவர்கள் அதைப் பின்பற்ற வேண்டாம். தம் தளங்களுக்கிடையே மெய்யாகவே மாறுவது எதுவோ அதற்கு மட்டும் இடம் விட்டு, மற்றவற்றை வார்ப்புருவுக்குள்ளேயே தீர்மானித்துவிடுவார்களாக.