மழை வருமா, வராதா? ஆட்டோகிராஸ் ரேஸில் டயர் செலக்‌ஷன் எப்படி?

2021 ரஷ்யன் கிராண்ட் ப்ரீ ஞாபகம் இருக்கா? வெற்றிக்குச் சில லேப்கள்தான் பாக்கி. லாண்டோ நோரிஸ் முதலிடத்தில் போய்க்கொண்டிருந்தார். திடீர்னு மழை! டயர் மாற்றாமல் ஓட்டிப் பார்த்தார்; 7-வது இடம்தான் கிடைத்தது. சரியான நேரத்தில் டயரை மாற்றிய ஹாமில்டனுக்கு அது 100-வது வெற்றி.

நோரிஸுக்காவது பிட் ஸ்டாப் இருந்தது. ஆட்டோகிராஸில் அதுவும் கிடையாது.

அமெரிக்காவில் பிரபலமான போட்டி இது. பெரிய பார்க்கிங் கிரவுண்டிலோ, பழைய விமான ஓடுதளத்திலோ கோன்களை வைத்து வளைவு நெளிவாகப் பாதை போடுவார்கள். கார்கள் ஒன்றோடொன்று மோதாது; கடிகாரத்தோடுதான் போட்டி. ஒரு ரவுண்டு சுமார் ஒரு நிமிஷம். ஒரு கோனைத் தட்டினால் 2 விநாடி அபராதம். எஸ்.சி.சி.ஏ அமைப்பின் தேசியப் போட்டியில் ஒரு நாளைக்கு 3 ரவுண்டுதான்.

200-ங்கிற நம்பர்

டயரின் பக்கவாட்டில் 'ட்ரெட்வேர்' என்று ஒரு எண் இருக்கும். எண் குறையக் குறைய ரப்பர் ஸாஃப்ட், கிரிப் அதிகம், ஆயுள் கம்மி. சாதாரண கார்கள் ஓடும் ஸ்ட்ரீட் பிரிவில் குறைந்தபட்சம் 200 இருக்கணும். மற்ற சில பிரிவுகளில் ஹூசியர் ஏ7 போன்ற, பட்டனே இல்லாத மாதிரி தெரியும் ரேஸ் டயர்களுக்கு அனுமதி உண்டு. காய்ந்த தரையில் இதுதான் ராஜா. தண்ணீர் தேங்கினால்? நீரை வெளியே தள்ளப் போதுமான பள்ளம் இல்லாததால் கார் மிதந்து வழுக்கும்.

குளிரும் வில்லன்தான்

ரப்பர் சூடானால்தான் நல்லா ஒட்டும். ஒரு நிமிஷ ரவுண்டில் சூடாக நேரம் ஏது? அதனால் குளிர்ந்த காலையில், சீக்கிரம் சூடாகும் டயர்தான் கைகொடுக்கும். வெயில் ஏறினால் பிரச்னை தலைகீழ். ஒரே காரை இரண்டு பேர் மாறி மாறி ஓட்டும்போது டயர் ஓவராகச் சூடாகும். அப்போது ரவுண்டுகளுக்கு நடுவே தண்ணீர் ஸ்பிரே பண்ணுவார்கள்.

சரி, எதைப் போடுவது?

மூன்று ரவுண்டில் பெஸ்ட் டைம்தான் கணக்கு. அதனால் மூன்றுக்கும் பொதுவான டயரைத் தேட வேண்டாம். எந்த ரவுண்டில் தரை நல்லா இருக்குமோ, அதற்கான டயரைப் போடுங்க.

* ஈரம் காய்ந்துகொண்டிருக்கிறதா? டிரை டயர். முதல் ரவுண்டில் பத்திரமா ஓட்டி, கடைசி ரவுண்டில் வெளுத்து வாங்குங்க.
* மேகம் கூடுகிறதா? அப்பவும் டிரை டயர்தான். ஆனா, முதல் ரவுண்டிலேயே முழு வேகம் காட்டணும். ரெண்டாவது சான்ஸ் கிடைக்காமல் போகலாம்.
* காலையிலிருந்தே தண்ணீர் தேங்கி நிற்கிறதா? யோசிக்காமல் ஆழமான பட்டன் உள்ள டயர். காற்றையும் கொஞ்சம் கூட்டுங்க. டயர் மிதப்பது குறையும்.

ரேஸ் ஓட்டாதவர்களுக்கும் இதில் பாடம் இருக்கு. உங்கள் கார் டயர் பள்ளத்துக்குள் 1.6 மி.மீ உயரத்தில் சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் டயரை மாற்றியே ஆகணும். ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒருதடவை குனிஞ்சு பார்த்துடுங்க. ரேஸில் தப்பான டயர் போட்டால் கப் மட்டும்தான் போகும். ரோட்டில் அப்படி இல்லை!